தாத்தா அணைக்கிறார், பேரன் போடுகிறான்: கரண்ட் பில் யாரால் ஏறியது?

46 வயதுப் பெண் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. பெயரும் மற்ற அடையாளங்களும் நீக்கப்பட்டுள்ளன.

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். மகனுக்கு 20 வயது, கல்லூரியில் படிக்கிறான். மகளுக்கு 15. எட்டு மாதங்களுக்கு முன் மாமனாரும் (78) மாமியாரும் (72) தங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு, சாமான்களோடு வந்து கீழ்த்தளத்தில் தங்கியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு இதே மாதத்தில் 290 யூனிட் ஓடிய மீட்டர், இப்போது 500 காட்டுகிறது. மாமனார் எந்த விளக்கு எரிந்தாலும் அணைத்துக்கொண்டே வருவார். இரவு பத்து மணிக்கு ஃபிரிட்ஜையும் அணைத்துவிடுவார். மாமியார் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். பகலெல்லாம் அவருக்கு ஃபேன் ஓட வேண்டும், டிவி ஓட வேண்டும், மதியம் இரண்டு மணி நேரம் ஏசியும் வேண்டும். மகன், படிப்புக்கென்று இந்த வருடம் வாங்கிய பெரிய கம்ப்யூட்டரில் நள்ளிரவு தாண்டியும் விளையாடுகிறான். "எங்கள் காலத்தில் ஒரே ஒரு பல்பில் குடும்பமே இருந்தது" என்று தாத்தா ஆரம்பிக்க, "நாள் முழுக்க வீட்டில் இருப்பது நீங்கள்தானே" என்று பேரன் திருப்பிச் சொல்ல, சாப்பாட்டு நேரம் தினமும் சண்டையில் முடிகிறது. கீழ்த்தளத்துக்குத் தனி மீட்டர் வைத்துச் செலவைப் பிரித்துவிடலாம் என்கிறார் கணவர்.

அவர் கேட்பது மூன்று கேள்விகள். வயதானவர்கள் வந்தால் மின்செலவு ஏறத்தான் செய்யுமா? தவறு யார் மேல்? தனி மீட்டர் வைக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

வீடுகளின் மின் பயன்பாட்டைத் தணிக்கை செய்வது என் தொழில். உங்கள் கேள்விகளுக்குப் போகும் முன், கடிதத்தில் இருக்கும் ஒரு விஷயத்தை இன்றைக்கே நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரவில் ஃபிரிட்ஜை அணைக்கும் பழக்கம்தான் அது. மாமியாரின் இன்சுலின் அந்தப் பெட்டியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். கதவைத் திறக்காமல் வைத்தாலும், அணைத்த ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் வரைதான் குளிரைப் பத்திரமாகப் பிடித்து வைக்கும். காலை வரை அணைந்தே கிடந்தால் மருந்தும் கெடலாம், பாலும் சமைத்த உணவும் கெடலாம். மிச்சமாகும் மின்சாரமும் அற்பம். காலையில் போட்டதும், ராத்திரி ஏறிய சூட்டை எல்லாம் இறக்குவதற்குக் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடித் தீரும். மாமனாரிடம் சிக்கனத்தைப் பற்றி வாதம் செய்யாதீர்கள். இன்சுலின் டப்பாவைக் காட்டி, மருந்து கெட்டுவிடும் என்று மட்டும் சொல்லுங்கள். மனைவியின் மருந்து என்று தெரிந்த பிறகு யாரும் அந்த ஸ்விட்சைத் தொட மாட்டார்கள். இதுவரை அங்கே இருந்த மருந்தை இனியும் பயன்படுத்தலாமா என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுவிடுங்கள்.

290க்கும் 500க்கும் நடுவில்

சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள், அது சரியான முறை. பலர் குளிர்கால பில்லையும் கோடைகால பில்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டில் சண்டை போடுவார்கள். ஆனால் உங்கள் கணக்கில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன.

ஒன்று, தலைக்கு எவ்வளவு என்பது. முன்பு நான்கு பேருக்கு 290, அதாவது ஆளுக்கு 73 யூனிட் போல. இப்போது ஆறு பேருக்கு 500, ஆளுக்கு 83. மீட்டரைப் பார்த்தால் முக்கால் பங்கு ஏறியதாகத் தெரிகிறது. தலைக்கணக்கில் பார்த்தால் ஏற்றம் ஏழில் ஒரு பங்குதான்.

இரண்டாவது இன்னும் முக்கியம். மாமனார் மாமியார் தங்கள் பழைய வீட்டில் மாதம் 150 யூனிட் செலவழித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மீட்டர் இப்போது ஓடவில்லை. இரண்டு வீட்டையும் சேர்த்தால் முன்பு 440, இன்று 500. குடும்பம் முழுவதற்கும் உண்மையில் கூடியது 60 யூனிட். மகனின் கம்ப்யூட்டர் விளையாட்டின்போது 300 வாட் இழுக்கிறது, நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட், மாதத்துக்கு 45. ஆக, புதிதாகக் கூடியதில் பெரும்பகுதி அந்தப் பெட்டிதான். பாட்டியும் தாத்தாவும் தங்கள் பங்கை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார்கள், அவ்வளவே.

உடனே மகனைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு உறுத்துவது வேறு. இரண்டு வீடுகள் ஒன்றாகும்போது மின்சாரம் கூடக் கூடாது, குறைய வேண்டும். ஒரே ஃபிரிட்ஜ், ஒரே வாட்டர் ஹீட்டர், ஒரே வரவேற்பறை என்று பகிர்ந்துகொள்வதால்தான் பெரிய குடும்பங்களில் தலைக்கு ஆகும் செலவு சிறிய குடும்பங்களைவிடக் குறைவாக இருக்கும். உங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. காரணம் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் வந்துபோகிறது: "அவர்களுடைய 22 வருடப் பழைய ஃபிரிட்ஜையும் கொண்டுவந்து கீழே வைத்திருக்கிறார்கள்." மனிதர்கள் சேர்ந்துவிட்டார்கள், சாதனங்கள் சேரவில்லை. ரப்பர் வார் தளர்ந்த அந்த வயதுப் பெட்டி ஒரு நாளைக்கு 2 யூனிட் தின்றால் ஆச்சரியப்பட மாட்டேன். கீழே இன்னொரு வாட்டர் ஹீட்டர் காலையிலிருந்து இரவு வரை போட்டபடியே இருக்கிறது என்கிறீர்கள். யாரும் குளிக்காவிட்டாலும் தொட்டியில் உள்ள தண்ணீர் ஆறும், மறுபடி சூடாகும். அதில் ஒரு யூனிட் வீண். இந்த இரண்டும் சேர்ந்து மாதம் 90 யூனிட் ஆகிறது. இத்தனை நாள் சண்டையில் இவற்றின் பெயரை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

வயது வேறு, தலைமுறை வேறு

கடிதத்தின் ஓர் இடத்தில் "வயதானவர்கள் இருந்தால் கரண்ட் அதிகம் ஆகிறது" என்கிறீர்கள். இன்னோர் இடத்தில் "அந்தத் தலைமுறை சிக்கனமானது, எங்கள் பிள்ளைகளுக்கு அது வரவில்லை" என்கிறீர்கள். அதே இரண்டு பேரைப் பற்றி இரண்டு தீர்ப்பு! இதில் உங்களைக் குறை சொல்ல முடியாது, ஆராய்ச்சியாளர்களுக்கே இது தலைவலி. இன்று 75 வயதில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். அவர்கள் இப்படி இருப்பது வயதாலா, பிறந்து வளர்ந்த காலத்தாலா என்று ஒரே ஒரு வருடத்துக் கணக்கை வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது. பல வருடங்கள் பின்தொடர வேண்டும். ஆனால் ஒரு வீட்டுக்குள் அவ்வளவு தேவையில்லை. உடம்பு கேட்பது எது, பழக்கம் கேட்பது எது, வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று ஒவ்வொருவரையும் பார்த்தாலே போதும்.

உங்கள் மாமனாரையே எடுத்துக்கொள்வோம். விளக்கை அணைப்பது அவருடைய தலைமுறைப் பழக்கம், அந்தக் காலத்தில் அது நூற்றுக்கு நூறு சரியாக இருந்தது. 60 வாட் குண்டு பல்பு ஐந்து மணி நேரம் எரிந்தால் 0.3 யூனிட். வீட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு விளக்குக்கே போன காலம் அது. இன்று அதே வெளிச்சத்தைத் தரும் 9 வாட் எல்இடி ஐந்து மணி நேரத்துக்கு 0.045 யூனிட்டில் முடித்துவிடுகிறது. சாதனம் மாறிவிட்டது, அவருடைய கை இன்னும் பழைய பல்பின் கணக்கிலேயே ஸ்விட்சுக்குப் போகிறது. சிக்கலே இங்கேதான்: அவருடைய வயது கேட்பது நேர்மாறானதை. கண்மணி சுருங்கி, கண்ணின் வில்லை மங்கி மஞ்சள் பூத்துவிடுவதால், 60 வயதுக்காரரின் விழித்திரையை 20 வயதுக்காரருக்குப் போய்ச் சேரும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் எட்டுகிறது. 78 வயதில் இன்னும் குறைவு. வீட்டிலேயே அதிக வெளிச்சம் தேவைப்படுகிறவர்தான் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் மாடிப்படி ஏறுகிறார். அந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாமியாரின் மதிய ஏசியைப் பற்றி உங்கள் கணவர் சொன்னது, "நாங்கள் எல்லாம் ஏசி இல்லாமல்தான் வளர்ந்தோம்." வளர்ந்தபோது அவருக்குப் பத்து வயது. 72 வயது உடம்பு வேறு. வயது ஏற ஏற வியர்ப்பது குறைகிறது, தாகம் தெரிவது குறைகிறது, அறை சூடாகிவிட்டதே என்ற உணர்வுகூடத் தாமதமாகத்தான் வருகிறது. நீண்டநாள் சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதித்திருந்தால் வியர்வை இன்னும் மட்டுப்படும். 2003 கோடையில் ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலையில் வழக்கத்தைவிட 70,000க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் போட வேண்டாம், அது உடம்பைச் சூடாக்கிவிடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே அந்த இரண்டு மணி நேர ஏசியை ஆடம்பரக் கணக்கில் எழுதாதீர்கள், மருந்துக் கணக்கில் எழுதுங்கள். குளிர்ப் பிரதேசத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் இதே பேச்சுதான். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும், முதியவர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம் என்பது அந்த நிறுவனம் 2018இல் சொன்ன அளவு.

மகன் விஷயத்தில் பேரனுக்கும் தாத்தாவுக்கும் உள்ள வித்தியாசம், ஒருவர் சிக்கனம், இன்னொருவர் ஊதாரி என்பதில்லை. அவன் படிப்பு, நட்பு, பொழுதுபோக்கு எல்லாம் மின்சாரத்தில் ஓடுகின்றன. தாத்தாவின் 20 வயதில் இவற்றில் எதுவும் பிளக்கில் மாட்டப்பட்டிருக்கவில்லை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நெதர்லாந்து வீடுகளை வைத்துச் செய்யப்பட்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வு, எரிவாயுச் செலவைப் பெரும்பாலும் கட்டடம் தீர்மானிக்கிறது, மின்சாரச் செலவையோ வருமானமும் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன என்று கண்டது. வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் மின்சாரம் கூடுவது பல நாடுகளில் காணப்படுகிற விஷயம். அந்தப் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போனதும் அது இறங்கிவிடும். அதாவது இது அவனுடைய குணம் என்பதைவிட, உங்கள் குடும்பம் இப்போது இருக்கும் கட்டம். அதற்காக விளையாட்டு முடிந்த பிறகும் கம்ப்யூட்டர் விடிய விடிய ஓட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம், நீங்கள். "நானும் என் கணவரும் பகலில் வீட்டிலேயே இருப்பதில்லை, நாங்கள் எதுவும் செலவழிப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பத்தியில், இரவு உங்கள் அறை ஏசி 20 டிகிரியில் எட்டு மணி நேரம் ஓடுகிறது, விடியற்காலையில் போர்வை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம் என்றும் இருக்கிறது. அது ஒரு நாளைக்கு நான்கிலிருந்து ஐந்து யூனிட். வீட்டின் மொத்தச் செலவு நாளுக்கு 16 யூனிட் சொச்சம் என்பதால், கால் பங்குக்கு மேல் அந்த ஓர் அறைக்குப் போகிறது. மாமியாரின் ஏசியைப் போல் மூன்று மடங்கு. கோபப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தணிக்கைக்குப் போகிற வீடுகளில் நடுவயதுக்காரர்களின் செலவு பேச்சிலேயே வராது. பில் கட்டுகிறவர்கள் அவர்கள், கேள்வி கேட்கிறவர்களும் அவர்களே.

கண்ணில் படுவதும் படாததும்

மகள் போன் சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டுவிடுகிறாள் என்று தினமும் திட்டுகிறீர்களாம். ஒரு போனை முழுக்கச் சார்ஜ் செய்ய 0.02 யூனிட் போதும். தினமும் செய்தாலும் வருடத்துக்கு ஏழெட்டு யூனிட்தான். அவள் பத்து நிமிடம் வெந்நீர் ஷவரில் நின்றால், 80 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற 1.9 யூனிட் வேண்டும், தொண்ணூறு தடவை போன் சார்ஜ் செய்வதற்குச் சமம். இது உங்கள் வீட்டுக் குறை மட்டும் இல்லை. 2010இல் அமெரிக்காவில் 505 பேரிடம் கேட்டு நடத்திய ஓர் ஆய்வில், மக்கள் சாதனங்களின் மின் செலவைச் சராசரியாக 2.8 மடங்கு குறைத்து மதிப்பிட்டார்கள். சேமிக்க என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு அதிகம் பேர் சொன்ன பதில், விளக்கை அணைப்பது. வெளிச்சம் தெரிகிறது, திரை தெரிகிறது, அதனால் அவற்றைப் போடுகிறவர்கள் திட்டு வாங்குகிறார்கள். சூடாக்குவதும் குளிராக்குவதும் சுவருக்குப் பின்னால் சத்தமில்லாமல் நடந்துவிடுகின்றன.

தனி மீட்டர் வைக்கலாமா?

வைக்கலாம் என்பது தொழில்நுட்பப் பதில். கீழ்த்தளத்துக்குப் போகும் வயரில் ஒரு துணை மீட்டர் பொருத்துவது எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. வைக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை.

அது கீழ்த்தளம் எவ்வளவு என்று சொல்லுமே தவிர, பழைய ஃபிரிட்ஜ் எவ்வளவு, மாமியாரின் ஏசி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. மாதக் கடைசியில் எண்ணைப் பார்த்ததும் மாமனார் எதை நிறுத்துவார் என்று யோசியுங்கள். ஃபிரிட்ஜை மாற்ற மாட்டார். மனைவியின் ஏசியையும் தன் விளக்கையும்தான் நிறுத்துவார். உதவாத இடத்தில் சேமித்து, ஆபத்தான இடத்தில் குறைப்பது என்று ஆகிவிடும். தவிர, பகலில் வீட்டில் இருப்பவர்கள் வீட்டு வேலையையும் செய்கிறவர்கள். கீழே உள்ள வாஷிங் மெஷினில் ஓடுவது ஆறு பேரின் துணி என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் அவர்கள் கணக்கில்தான் அந்த மீட்டர் ஏற்றும்.

செலவுப் பங்கீட்டுக்காக மட்டும்தான் என்றால், பெரியவர்களிடம் கேட்டுவிட்டு ஒரு நிலையான தொகையைப் பேசி முடிப்பது நல்லது. அதிகம் செலவழித்தால் அதிக விலை என்ற அடுக்குக் கட்டண முறை இருக்கும் ஊர்களில் சிலர் இரண்டாவது இணைப்பே வாங்கிவிட நினைப்பார்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு இணைப்பு தருவதில் விதிகள் இடத்துக்கு இடம் மாறும், சில இடங்களில் அது மீறலாகவும் எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் மின் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

இதற்குப் பதில், பிளக்கில் மாட்டி அளக்கும் சிறிய வாட் மீட்டர் ஒன்றை வாங்குங்கள். முதல் இரண்டு நாள் பழைய ஃபிரிட்ஜில், அடுத்து கம்ப்யூட்டரில், அடுத்து டிவியில். ஏசி, ஹீட்டர் போன்ற பெரிய சுமைகளுக்கு அந்தக் கருவி தாங்குமா என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அளக்கும் பொறுப்பை மகனிடம் கொடுங்கள், எண்ணை நோட்டில் எழுதும் வேலையைத் தாத்தாவிடம் கொடுங்கள். இருவரும் ஒரே எண்ணைப் பார்க்கட்டும். ஆனால் மகனுக்குத் தெரியாமல் அவன் அறையில் எதையும் மாட்டாதீர்கள். எத்தனை மணிக்குத் தூங்கினான், எப்போது எழுந்தான் என்பதெல்லாம் மின் பதிவில் தெரிந்துவிடும். அவன் வயது வந்தவன், கேட்டுவிட்டுச் செய்வதுதான் முறை.

அளந்து முடித்த பிறகு செய்ய வேண்டியவற்றில் எனக்கு முதலில் தோன்றுவது பழைய ஃபிரிட்ஜை நிறுத்துவது. மாமியாருக்கு அதன் மேல் பாசம் இருக்கும், எண்ணைக் காட்டிய பிறகு கேளுங்கள். மாடிக்கு ஏறாமல் கீழேயே ஒன்று தேவை என்றால் சிறிய, புதிய பெட்டி போதும். பழையதை உதிரிக்காக உடைக்கிறவர்களிடம் கொடுக்காமல், வாயுவை முறையாக வெளியே எடுக்கும் மறுசுழற்சி மையத்துக்கு அனுப்புங்கள். அந்தக் காலப் பெட்டிகள் பலவற்றில் இருக்கும் வாயு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். கீழ்த்தள ஹீட்டருக்குக் குளிப்பதற்கு அரை மணி முன் போட்டு, முடிந்ததும் அணைத்துவிடும் டைமர் ஒன்று மாட்டுங்கள். உங்கள் அறை ஏசியை 26க்கு ஏற்றி ஃபேனைச் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், போர்வை தேவைப்படாது. மகனோடு பேசும்போது "விளையாடாதே" என்று தொடங்க வேண்டாம். பதினைந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தானாகத் தூங்கும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள், அது அவனுக்கு நிமிட வேலை.

மாடிப்படியிலும் கழிவறைக்குப் போகும் வழியிலும், ஆள் நடந்தால் தானே எரிந்து தானே அணையும் எல்இடி விளக்குகளைப் போட்டுவிடுங்கள். மாமனாருக்கு அணைப்பதற்கு ஸ்விட்ச் தேவையில்லாத விளக்கு அது. எவ்வளவு செலவாகும் என்று அவர் கட்டாயம் கேட்பார். அந்த வாட் மீட்டரை அவர் கையிலேயே கொடுங்கள்.